விடுதிச் சுவரில் விட்டுப்போன பெயர்

மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் சங்கத்திலிருந்து கேட்டபோது, வழக்கம்போல மெஸ் சாம்பாரைப் பற்றியும் பேராசிரியர்களுக்கு நாம் வைத்த பட்டப்பெயர்களைப் பற்றியும் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதை இந்த மலரில் குறைந்தது நாலு பேராவது எழுதியிருப்பார்கள். ஆகவே 1980-ஆம் வருஷம் எங்கள் விடுதி அறைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு சார்ட் பேப்பரிலிருந்து ஆரம்பிக்கிறேன். கடைசியில் அது என்னை என் சொந்த ஊர்ப் பக்கமான கொடுமுடிக்கே கொண்டுபோய் விட்டது.

என் அறை நண்பன் ஊட்டிப் பையன். ராக் இசை என்றால் உயிரை விடுவான். நானோ ஈரோட்டுக்குக் கிழக்கே காவிரிக் கரைக் கிராமத்தான். கல்லூரியில் சேரும்வரை கிடார் என்ற சாமானைக் கண்ணால் பார்த்ததில்லை. அவன் அந்தச் சார்ட்டில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு, பிறந்த நாளைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவிலும் இறந்த நாளைக் கறுப்பிலும் எழுதி வைத்திருந்தான். ஜனவரி 8 எல்விஸ் பிரெஸ்லி பிறந்த நாள். அன்றைக்கு விங்கில் எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய் உண்டு. பிப்ரவரி 3 பட்டி ஹோலி விமான விபத்தில் போன நாள். அக்டோபர் 9 ஜான் லெனன் பிறந்த நாள். இப்படியே டிசம்பர் வரைக்கும் போகும். பரீட்சைத் தேதி மறந்துபோனாலும் இந்தத் தேதிகள் எங்களுக்கு மறக்காது.

கறுப்பில் எழுதியதில் நான்கு பெயரைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பிரையன் ஜோன்ஸ், 1969 ஜூலை 3. ஜிமி ஹென்ட்ரிக்ஸ், 1970 செப்டம்பர் 18. ஜானிஸ் ஜாப்ளின், அதே 1970 அக்டோபர் 4. டோர்ஸ் குழுவின் ஜிம் மாரிசன், 1971 ஜூலை 3. நாலு பேரும் இருபத்தேழு வயதில் போனவர்கள். போதையும் புகழும் சேர்ந்து தின்றுவிட்ட உயிர்கள் என்று ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு விளக்குவான். அந்த இருபத்தேழு என்ற எண்ணில் அவனுக்கு ஒரு மயக்கமே உண்டு.

அந்த வருஷம் டிசம்பர் 8-ஆம் தேதி நியூயார்க்கில் ஜான் லெனனைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் ரேடியோவில் செய்தி கேட்டு நண்பன் மெஸ்ஸுக்கே வரவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து, சார்ட்டில் டிசம்பர் கட்டத்தில் கறுப்புப் பட்டை போட்டான். பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து போனார்கள். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் கே.பி. சுந்தராம்பாள் சென்னையில் காலமாகியிருந்தார். ரேடியோவில் அவர் பாட்டாகப் போட்டார்கள். மெஸ்ஸில் இட்லி தின்றுகொண்டே கேட்டேன். கொடுமுடி எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். சுவரில் அவர் பெயரை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்ற வைத்தது என் அப்பத்தா. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது, அமெரிக்காவில் பாட்டுக்காரர்கள் இருபத்தேழு வயதிலேயே வரிசையாகச் செத்துப்போகிற கதையை என்னவோ பெரிய அதிசயம் மாதிரி திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். அப்பத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, அதென்ன பெரிசு கண்ணு, நம்ம கிட்டப்பாவும் முப்பது தாண்டாமப் போனவருதானே என்றார். கோவைக்குத் திரும்பியதும் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா பிறந்தது 1906 ஆகஸ்ட் 25. இறந்தது 1933 டிசம்பர் 2. கணக்குப் போட்டால் சரியாக இருபத்தேழு! ராக் இசைக்கே மூலம் என்று கொண்டாடப்படும் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் இருபத்தேழு வயதில் இறந்தது 1938-ல். நம்மவர் அவருக்கும் ஐந்து வருஷம் முந்தியவர். நண்பனிடம் சொன்னேன். பாதி நம்பியும் நம்பாமலும் டிசம்பர் கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டான்.

ஆனால் நான் இங்கே எழுத வந்தது கிட்டப்பாவைப் பற்றி அல்ல. அவர் போனபோது இருபத்தைந்து வயதில் தனித்து நின்று, அதற்குப் பிறகும் நாற்பத்தேழு வருஷம் வாழ்ந்து பாடிய அந்தக் கொடுமுடி அம்மாவைப் பற்றித்தான்.

கே.பி.எஸ். என்ற மூன்றெழுத்தில் கே என்பது கொடுமுடி. பி என்பது பாலாம்பாள், அவருடைய தாயார் பெயர். தகப்பன் பெயரைத் தலையெழுத்தாகப் போடுவதே வழக்கமான நாட்டில், தாயின் பெயரோடேயே சட்டமன்ற மேலவை வரைக்கும் போனவர் அவர். 1908 அக்டோபரில் பிறந்தார். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்த குடும்பம். வறுமை என்றால் அப்படியொரு வறுமை. ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகிற ரயில் பாதை கொடுமுடியைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்த ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியின் குரலைக் கேட்டுத்தான் எப்.ஜி. நடேசய்யர் அவரை நாடகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். நடேசய்யர் ரயில்வே உத்தியோகஸ்தர், நாடகப் பித்தர். கல்லூரி நாட்களில் நான் ஊருக்குப் போனதும் அதே பாதையில்தான். கொடுமுடி ஸ்டேஷன் வரும்போதெல்லாம், ஜன்னல் ஓரத்தில் ஒரு சின்னப் பெண் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு நினைப்பு வரும்.

அந்தக் கால நாடகத்தைப் பற்றி இன்றைய மாணவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்பெனி நாடகம் என்பது ஒன்று. ஒரே குழு, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு மாசக்கணக்கில் நடத்தும். ஸ்பெஷல் நாடகம் என்பது வேறு. காண்டிராக்டர் ஒருவர் ஓர் ஊரில் தேதி வைத்துவிட்டு, ராஜபார்ட்டுக்கு ஒருவரை மதுரையிலிருந்தும் ஸ்திரீபார்ட்டுக்கு ஒருவரைக் கரூரிலிருந்தும் அழைப்பார். இருவரும் சேர்ந்து ஒத்திகையே பார்த்திருக்க மாட்டார்கள். வள்ளி திருமணமோ பவளக்கொடியோ, கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மேடையில் ஏறியதும் ஒருவர் ஒரு ராகத்தில் கேள்வி போட, மற்றவர் அந்த நிமிஷமே பாட்டால் பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் மானம் போய்விடும். எதிர்த்து நின்று ஜெயித்தால் விடியற்காலை வரை ஜனம் எழுந்திருக்காது. ராக் கச்சேரியில் ரெண்டு கிடார்க்காரர்கள் எதிரும் புதிருமாக நின்று மோதிக்கொள்கிற டேப் ஒன்றை நண்பன் போட்டுக் காட்டியபோது, இது நம்ம ஸ்பெஷல் நாடகம்தானே என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ராக் இசையே மின்சாரத்தில் பிறந்தது. மின்சாரக் கிடாரும் ஒலிபெருக்கிப் பெட்டியும் இல்லாவிட்டால் அது இல்லை. இவர்களுக்கு மைக் கிடையாது. பின்னால் கால் ஹார்மோனியம், மிருதங்கம். எதிரே தரையிலும் பெஞ்சிலுமாக ஆயிரக்கணக்கில் ஜனம். கொட்டகைக்கு வெளியே வண்டியை அவிழ்த்துவிட்டு நிற்கிறவன் காதுக்கும் பாட்டுப் போய்ச் சேர வேண்டும். நாலு கட்டை, அஞ்சு கட்டை என்று சுருதியை ஏற்றிக்கொண்டு, அந்த உயரத்தில் நின்றுகொண்டே சொல் சிதையாமல் பாட வேண்டும். சுந்தராம்பாள் குரலில் ஒவ்வொரு எழுத்தும் தனியாக மணியடித்த மாதிரி கேட்பதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான் என்பது என் அபிப்பிராயம்.

1926-ல் இலங்கையில் நாடகம் போடப் போன இடத்தில் சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் ஒரே மேடையில் சேர்ந்தார்கள். கிட்டப்பா சிறுவனாகவே நாடகத்துக்கு வந்து, கன்னையா கம்பெனியில் பேர் வாங்கியவர். அந்தக் குரலுக்கு ஈடு கொடுத்துப் பாட ஆள் இல்லை என்று இருந்தபோது இந்தக் கொடுமுடிப் பெண் ஈடு கொடுத்தார். மறு வருஷமே கல்யாணம். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர், ஜாதியும் வேறு. ஊர் பேசாமல் இருக்குமா? ஆனால் இருவரும் சேர்ந்து நடிக்கிறார்கள் என்றால் கூட்டம் வண்டி கட்டிக்கொண்டு போனது. கிராமபோன் தட்டுகளும் வந்தன. கொம்பரக்குத் தட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான். விடிய விடியப் பாடுகிறவர்கள் அந்த மூன்று நிமிஷத்துக்குள் மொத்த வித்தையையும் அடக்கிக் காட்ட வேண்டும். காந்தியையும் கதரையும் பற்றிய பாட்டுகளும் அப்படியே வீடு வீடாகப் போயின.

அதற்கப்புறம் நடந்தது என் நண்பனின் சார்ட்டில் இருக்கிற கதையேதான். ஓயாத ராத்திரி நாடகம், புகழ், குடி, நோய். இடையில் இருவருக்கும் மனஸ்தாபம், பிரிவு. 1933 டிசம்பரில் எல்லாம் முடிந்தது. தமிழ்நாட்டில் அன்று கிட்டப்பாவுக்கு அழாத ஊர் இல்லை என்பார் அப்பத்தா.

இங்கேதான் ராக் இசைக்காரர்களின் நாட்காட்டியில் எனக்கு ஒரு மனக்குறை. அது போனவர்களை மட்டும் வட்டம் போட்டுக் காட்டும். அவர்கள் வீட்டில் மிஞ்சி இருந்தவர்கள் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தார்கள் என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தினார். நகையைக் கழற்றினார். இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கொஞ்ச காலம் வெளியே வரவில்லை. பிறகு வந்தார், கச்சேரி மேடையில் தனியாக உட்கார்ந்து பாடினார். இதைப் பத்தினிக் கதையாகவே சொல்லிச் சொல்லி, அந்த அம்மாவை ஒரு படமாக மாட்டிவிட்டார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் அப்பத்தாவும் இருபத்துமூன்று வயதில் வெள்ளைச் சேலைக்கு வந்தவர்தான். எங்கள் பக்கத்தில் அந்தச் சேலைக்கு என்ன மரியாதை என்று பழையவர்களுக்குத் தெரியும். கல்யாணத்தில் முன்வாசலுக்கு வரக்கூடாது. சீர் செய்கிற இடத்தில் நிற்கக்கூடாது. காலையில் ஒருவர் காரியமாகக் கிளம்பும்போது எதிரே வந்துவிட்டால், அவர் திரும்பி உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்படுவார். என் அப்பா கல்யாணத்தைக்கூட, சொந்த மகன் கல்யாணத்தை, அப்பத்தா தூணுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தார். அதே வெள்ளைச் சேலையோடு கொடுமுடி அம்மா திருவிழா மேடையில் நடு நாயகமாக உட்கார்ந்தார். நெற்றி நிறைய விபூதி. தர்மகர்த்தா மாலை போடுவார், ஊர்ப் பெரியவர்கள் எழுந்து கும்பிடுவார்கள். சினிமாவே பார்க்காத அப்பத்தா, ஒளவையார் படம் டென்ட் கொட்டகைக்கு வந்தபோது மட்டும் ராக்கியாபாளையத்துச் சொந்தக்காரப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், தரை டிக்கெட்டில் முன்வரிசையில் உட்கார்ந்தாராம். அன்றைக்குத் தூண் எதுவும் தேவைப்படவில்லை.

சினிமாவுக்கு அவர் வந்ததே ஒரு வேடிக்கை. 1935-ல் பக்த நந்தனார் படத்துக்கு அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் விடாமல் கேட்டார். தட்டிக் கழிப்பதற்காகச் சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், அவர் சரி என்றுவிட்டார் என்றும் சொல்வார்கள். லட்சம் என்பது பேச்சில் மட்டுமே இருந்த தொகை அப்போது. ஆணோடு ஜோடி சேர்வதில்லை என்ற முடிவையும் அவர் விடவில்லை. நந்தனாராக, ஆண் வேஷத்தில் நடித்தார். எதிரே வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். படத்தில் பனைமரமும் எருமையும்தான் நன்றாக நடித்தன என்று கல்கி கேலி செய்து விமரிசனம் எழுதினார். லட்ச ரூபாய்க்கு இவ்வளவு பேச்சுக் கூடவா கிடைக்காது! அந்த 1935 ஜனவரியில்தான் அங்கே எல்விஸ் பிறந்திருந்தார் என்பதை நண்பனுக்குச் சொல்லிக் கொஞ்சம் கர்வப்பட்டுக்கொண்டேன்.

காங்கிரஸ் மேடைகளில் சத்தியமூர்த்தியோடு ஊர் ஊராகப் போனார். 1937 தேர்தலில் முதலில் இவர் பாட்டு, பிறகு அவர் பேச்சு. பாட்டுக்கு வந்த கூட்டம் பேச்சையும் கேட்டுவிட்டுப் போகும். 1950-களில் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார். சினிமாக் கலைஞர் ஒருவர் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் போனது அதுவே முதல் என்று குறிப்பிடுகிறார்கள். ரயிலில் பாடிக் காசு வாங்கிய பெண்ணுக்கு மேலவையில் நாற்காலி! சொந்த ஊரில் தன் பெயரிலேயே ஒரு தியேட்டரும் கட்டினார். கணக்கு வழக்குத் தெரிந்தவர், பேரம் பேசத் தெரிந்தவர், மேடைக்கு மேடை தன் விலையைத் தானே வைத்தவர். வெள்ளைச் சேலையை மட்டும் பார்க்கிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

மணிமேகலை 1940-ல் வந்தது. அதன்பின் நீண்ட இடைவெளி. ஜெமினி வாசன் எடுத்து 1953-ல் வெளிவந்த ஒளவையார் அவரைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய படம். நாற்பத்தைந்து வயதுக்குள் பாட்டியாகிவிட்டார். பிறகு கடைசிவரை தமிழ்நாட்டுக்கு ஒளவை என்றால் அந்த முகம்தான். திருவிளையாடலிலும் (1965) அதே ஒளவை. 1964-ல் பூம்புகார். வசனம் கருணாநிதி, இவரோ காங்கிரஸ்காரர், முருக பக்தை. கடவுளைக் கேள்வி கேட்கிற மாதிரி இருந்த சொற்களைப் பாட மாட்டேன் என்று நின்று, மாற்றிக் கொடுத்த பிறகே பாடினார் என்று சொல்வார்கள். கவுந்தி அடிகளாக அவர் நடந்து வருகிற காட்சியை இன்றும் டி.வி.யில் போட்டால் நான் எழுந்திருப்பதில்லை.

கோவைக்காரர்களான நமக்கு முக்கியமானது 1969. மருதமலை முருகனே கதி என்றிருந்த நம்ம ஊர் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த துணைவன் அந்த வருஷம் வந்தது. அதில் பாடியதற்காகச் சுந்தராம்பாளுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அந்த விருது ஏற்பட்டு இரண்டாவது வருஷம்தான். முதல் வருஷம் பி. சுசீலா. தன்னைவிட ஏறக்குறைய முப்பது வயது இளையவர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், அறுபது தாண்டிய குரல் அது! மறு வருஷம் பத்மஸ்ரீ. அதே 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் வுட்ஸ்டாக் என்ற ஊரின் பேரில் மூன்று நாள் ராக் திருவிழா நடந்து, கடைசியாக ஹென்ட்ரிக்ஸ் வாசித்தார். அவருக்கு அதன்பிறகு இருந்தது ஒரு வருஷமும் ஒரு மாசமும். இங்கே இந்த அம்மா அதன்பிறகும் காரைக்கால் அம்மையாரில் பாடினார், திருமலை தெய்வத்தில் பாடினார், கோயில் கோயிலாகப் போய்ப் பாடிக்கொண்டே இருந்தார்.

1980-ல் அவர் போனார். அப்பத்தா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது டேப் ரிக்கார்டரில் கே.பி.எஸ். கேசட்டைப் போட்டுத் தலைமாட்டில் வைப்பேன். சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கையைக் காட்டுவார். காது மந்தமாகியிருந்தது. இந்தக் குரலுக்கு எதுக்கு இந்தப் பெட்டி, கொட்டகைக்கு வெளியே நின்றாலே கேட்குமே என்று ஒருநாள் முனகினார்.

என் அறை நண்பன் வேலைக்காக வெளிநாடு போய், ஓய்வு பெற்று இப்போது ஊட்டிக்கே திரும்பிவிட்டான். 1994-ல் கர்ட் கோபேன் இறந்தபோதும், 2011-ல் ஏமி வைன்ஹவுஸ் இறந்தபோதும் அங்கிருந்து எனக்குப் போன் செய்தான். இருவருக்கும் அதே இருபத்தேழு. போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சார்ட் பேப்பர் எப்போதோ கிழிந்துபோய்விட்டது. ஆனால் தேதிகளையெல்லாம் ஒரு பழைய டைரியில் பிரதி எடுத்து வைத்திருக்கிறான். டிசம்பர் 2-ல் கிட்டப்பா பேனாவுக்கு மாறியிருந்தார். பென்சில் அழியும் என்று மாற்றினானாம். அக்டோபர் பக்கத்தைத் திருப்பினேன். ஜாப்ளின் இருந்தார், லெனன் இருந்தார், கீழே கொஞ்சம் இடம் இருந்தது. சிவப்புப் பேனா இருக்கிறதா என்று கேட்டேன். பேரனின் பென்சில் பெட்டியைக் குடைந்து ஒன்றை எடுத்துவந்து கொடுத்தான். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள், 1908 என்று முழுப்பெயராகவே எழுதினேன். இவ்வளவு நீளமாகவா என்றான். டைரியை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, துணைவன் பாட்டு ஏதாவது உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அந்த நாளைய அறை நண்பர்கள் கூடும் இந்தச் சந்திப்புக்கு நான் அதைக் கொண்டு வருகிறேன்.